பட்டர்க் கடுதாசி

நல்லூர்க்காரி:

சண்டைக் காலத்து ஐஸ் ஹொக்கிக்காரரின்ர மனுசிமார் வீட்டை எப்பிடி ஓட்டினவை எண்டு கதை வந்ததால சொல்லுறன். 2012. ரொறொன்ரோ ஸ்காபரோவில் ஒரு நேர்சிங் ஹோமில பிஎஸ்டபிள்யூ, அதாவது முதியவரைப் பராமரிக்கிற வேலை. என்ர பொறுப்பில 92 வயதுக் கிழவி. புருஷன் இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில ரொறொன்ரோவின்ர ஹொக்கி அணி லீஃப்ஸுக்குக் கொஞ்ச நாள் விளையாடின ஆள். பேர் வேண்டாம், பிள்ளைகள் இருக்கினம்.

ஒருநாள் காலமை பாணுக்குப் பட்டர் பூசிப்போட்டு, கடுதாசியைக் கசக்கிக் குப்பை வாளிக்குள்ள போட்டன். மனுசி குனிஞ்சு கையை விட்டு எடுத்திட்டா. மடியில விரிச்சு, கரண்டிக் காம்பால மடிப்பு மடிப்பாச் சுரண்டிப் பாணில தேய்ச்சா. "ஊத்தை, விடுங்கோ" எண்டு கையில இருந்து பறிச்சிட்டன். கோவிக்கேல்லை. "ஆளுக்குக் கிழமைக்கு அரை றாத்தல்" எண்டு மட்டும் சொன்னா.

பிறகு குளிக்கவார்க்கேக்க, தலை இழுக்கேக்க எண்டு துண்டு துண்டாச் சொன்னவ. சீனி, தேயிலை, பட்டர் எல்லாத்துக்கும் கூப்பன். 1943இல இறைச்சிக்கும் வந்திட்டுது. சனி இரவு லீஃப்ஸின்ர அரங்கு காடின்ஸில ஆட்டம் முடிய ஆள் இரவு றெயினில டிட்ரொயிற், சிக்காகோ. ஞாயிறு அங்க ஆட்டம். "உள்ள பட்டர் அவருக்கு, கடுதாசி எனக்கு" எண்டா, பகிடி மாதிரி.

1942 ஆவணியில பிரான்ஸ் கரையில டியெப் சண்டை. கிட்டத்தட்ட 5000 கனேடியர் போய் 900க்கு மேல செத்துப்போச்சினம். அதில பக்கத்து வீட்டுப் பெடியனும் ஒருத்தன். அதுக்குப் பிறகு இறைச்சிக்கடை வரிசையில அந்தத் தாய் எல்லாருக்கும் கேக்கிற மாதிரிச் சொன்னாவாம்: "சிலற்ற புருஷன்மாருக்கு ஐஸில ஓட மட்டும் கால் நல்லாயிருக்கு." அண்டையில இருந்து ஸ்கேற் சப்பாத்தைத் தலையணை உறைக்குள்ள சுத்தித்தான் மனுசன் வீட்டால வெளிக்கிடுவார். ஒவ்வொரு திங்களும் அந்த உறையை இவ தோய்ப்பா. அலகு வெட்டி வெட்டித் தைச்ச உறை.

90களில சவுக்காரத் துண்டுகளை ஒட்டி ஒட்டிக் குளிச்சவள் நான். சைக்கிள் டைனமோவைச் சுத்தி பிபிசி தமிழோசை கேட்டவள். அந்தக் கையில இருந்து கடுதாசியைப் பறிச்சது நான்தான்.

தாம்பரம் சேகர்:

அக்கா, அந்தப் பக்கத்து வீட்டம்மா பேசினது அநியாயம். ஹாக்கிக்காரங்க எல்லாரும் ஐஸ்ல ஒளிஞ்சிருக்கல. பாஸ்டன் அணியில ஆடின ஷ்மிட், டுமார்ட், பாவர் மூணு பேரும் 1942 பிப்ரவரியில விமானப் படைக்குக் கிளம்பினாங்க. கடைசி மேட்ச்ல எதிரணி மாண்ட்ரியால் ஆளுங்களே அவங்களைத் தோள்ல தூக்கிட்டுப் போனாங்க. நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியில ஆடின ரெட் காரெட் 1944 நவம்பர்ல கப்பலோட மூழ்கினப்போ வயசு 20. லீஃப்ஸை நடத்தின கான் ஸ்மைத் 49 வயசுல பிரான்ஸ் போய் அடிபட்டு வந்தார். இதெல்லாம் தெரியாம வரிசையில நின்னு குத்திப் பேசுறது சுலபம்.

என் அனுபவம் சின்னது. மிசிசாகாவுல என் பழைய ஹவுஸ் ஓனர் பாட்டி, அடுப்புப் பக்கத்துல ஒரு தகர டப்பா வெச்சிருந்தாங்க. பேக்கன் கொழுப்பை வடிகட்டி அதுல ஊத்துவாங்க. அவங்க அப்பா சின்ன லீக்ல ஆடினவர். அம்மா அதே மாதிரி டப்பாவை நிரப்பிக் கறிக்கடைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாங்களாம், வெடிமருந்துக்கு. "அப்பா பந்தடிச்சார், அம்மா குண்டு செஞ்சா"ன்னு பாட்டி சிரிப்பாங்க. ஐஸ் ஹாக்கில பந்தே கிடையாது பாட்டின்னு நான் திருத்தினேன். தேவையா எனக்கு?

ரக்சி அண்ணை:

1942 நவம்பரில ஹொக்கியில ஓவர்டைமை, சமனாய் முடிஞ்சால் கூட ஆடுற நேரத்தை, நிப்பாட்டினது ஏன் தெரியுமோ? றெயின் நேரம் தவறக் கூடாதெண்டு. ஆட்டம் பத்து நிமிசம் இழுபட்டால் றெயின் போயிடும். இதை எனக்குச் சொன்னது என்ர ரக்சியில பின் சீற்றில ஏறின ஒரு கிழவர். கோலியின்ர, கோல் காக்கிற ஆட்டக்காரரின்ர, மகன். அந்த அறிவிப்பைப் பேப்பரில பாத்து நாட்டிலயே கூடச் சந்தோசப்பட்ட ஆள் தன்ர தாய்தானாம்.

திங்கள் விடியத் தகப்பன் வாசலில நிண்டால் தாய் முதல் முகத்தைத் தடவித் தையல் எண்ணுவா. அந்தக் காலத்துக் கோலிக்கு முகமூடி இல்லை. கிழவர் தன்ர புருவத்தில விரல் வைச்சு எண்ணிக் காட்டினதைக் கண்ணாடியில பாத்தன். ஒன்பது வரைக்கும் எண்ணினார். பச்சை விழுந்ததைக் கவனிக்கேல்லை, பின்னால ஹோர்ன் அடிக்கிறாங்கள்.

ஓய்வுபெற்ற ரீச்சர்:

தம்பி சேகர், வீரர்களின் பட்டியலை இங்கே யாரும் கேட்கவில்லை. நீங்கள் சொன்னது பாதி உண்மைதான். படையில் சேர்ந்த பலர் படையின் அணிக்கே ஹொக்கி விளையாடினார்கள். 1943இல் கனடாவின் அமெச்சூர் ஹொக்கிக்கான அலன் கோப்பையை எடுத்த ஒட்டாவா கொமாண்டோஸ் என்ற படை அணி வேறு யார்? சாதாரணச் சிப்பாய்க்கு நாளுக்கு 1.30 டொலர். அதிலிருந்து வருவதையும் படி காசையும் வைத்து வீட்டை ஓட்டியது மனைவி. மகனைப் பறிகொடுத்த தாயின் கோபத்தை அநியாயம் என்று சொல்ல உங்களுக்கோ எனக்கோ உரிமை இல்லை.

எனக்கும் ஒருத்தி இருந்தாள். நூலகத்தில் பழக்கம், கணவர் டிஃபென்ஸ் ஆட்டக்காரர். கேட்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், கேட்கவில்லை.

ஆகவே முதியவர்களோடு வேலை செய்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். "கஷ்டமாக இருந்ததா" என்று கேட்காதீர்கள். "ஓம்" என்பார்கள், கதை முடிந்துவிடும். திங்கட்கிழமை என்ன சமைத்தீர்கள், சப்பாத்தை எங்கே காயவைத்தீர்கள் என்று கேளுங்கள். சனி இரவு றேடியோவில் ஹொக்கி வர்ணனையாளர் ஃபொஸ்டர் ஹுவிற்றின் குரல் கேட்கும்போது கையில் என்ன வேலை இருந்தது என்று கேளுங்கள். ஃபோனில் பதிவதென்றால் முதலில் அனுமதி கேளுங்கள், பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். சாப்பாட்டு நேரத்தில் கேட்காதீர்கள், புரைக்கேறும். பழைய கூப்பன் புத்தகம் கிடைத்தால் சாதாரணப் பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள், அமிலமில்லாத கடுதாசிக்குள் வையுங்கள். படத்தின் பின்பக்கம் பேனையால் எழுதவே கூடாது, பென்சிலால் மெதுவாக. இன்னும் ஒன்று, 92 வயதில் பட்டர் கூடாது என்று வீட்டார் சொன்னால்…

நல்லூர்க்காரி:

ரீச்சர், நன்றி. அடுத்த மாசமே அங்க பட்டரைச் சின்னப் பிளாஸ்டிக் டப்பியில குடுக்கத் தொடங்கிட்டினம். அவ மூடியைத் திறந்து பாத்திட்டு, கடுதாசி எங்கை எண்டு என்னைத்தான் கேட்டவ.