நூற்றுக்கு நாற்பத்தொன்று: ஈசினோஃபில்களோடு எங்கள் அனுபவங்கள்

ஆய்வக நுட்பநர் ஒருவர்:

இரத்த அணுக்களை எண்ணுவது என் அன்றாட வேலை. வறட்டு இருமலோடும் லேசான காய்ச்சலோடும் வந்த ஓர் இளைஞரின் மாதிரியை எங்கள் கருவி ஏற்காமல், கையால் எண்ணிப் பார்க்கும்படி குறிப்புக் காட்டியது. லீஷ்மன் சாயமிட்ட ஸ்லைடில் எண்ணெய் விட்டு 100 மடங்கு லென்ஸை இறக்கியபோது, எங்கு நகர்த்தினாலும் ஆரஞ்சு கலந்த செம்மணிகள் நிறைந்த அணுக்களே தென்பட்டன. கரு இரண்டு மடல்களாக, மூக்குக்கண்ணாடியின் இரு வில்லைகளைப் போல நடுவில் மெல்லிய இழையால் இணைந்திருந்தது. வெள்ளையணுக்களில் ஒரு வகையான ஈசினோஃபில்கள் இவை. ஈசின் சாயத்தை இந்த மணிகள் விரும்பி ஏற்பதைக் கண்டுதான் 1879-இல் பால் எர்லிக் இவற்றுக்கு அப்பெயரை வைத்தார். நூறு வெள்ளையணுக்களில் வழக்கமாக ஒன்று முதல் ஐந்து வரை இருக்க வேண்டியவை, அன்று 41 இருந்தன. நம்ப முடியாமல் மீண்டும் இருநூறு அணுக்களை எண்ணினேன், விகிதம் மாறவில்லை. மொத்த வெள்ளையணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 14,800 என்பதால், ஈசினோஃபில்கள் மட்டும் ஏறத்தாழ 6,000. இயல்பான உச்ச அளவு 500.

ஈசினோஃபில் இப்படிக் கூடினால் முதலில் சந்தேகிப்பது புழுத்தொற்றைத்தான். நானும் புழு என்றே எண்ணினேன். ஆனால் அவருடைய மலப் பரிசோதனையில் ஒரு முட்டைகூட இல்லை. எண்ணியதில் பிழை நேர்ந்திருக்குமோ என்று மருத்துவர் தொலைபேசியில் கேட்டபோது, உண்மையைச் சொன்னால், எனக்குச் சற்றுக் கோபமே வந்தது. விடை கிடைக்க ஏறக்குறைய இரண்டு மாதங்கள் ஆயின: மறுபடி வந்த மல மாதிரியில் உருளைப்புழுவின் முட்டைகள் தெளிவாகத் தெரிந்தன. முட்டை வயிற்றுக்குள் போன நாள்முதல் அதிலிருந்து வளரும் பெண்புழு தானே முட்டையிடத் தொடங்க இரண்டு முதல் மூன்று மாதங்கள் பிடிக்கும். அதற்கு முன்பே இளம்புழுக்கள் குடற்சுவரைத் துளைத்து, கல்லீரல் வழியாக நுரையீரலுக்குச் சென்று, மூச்சுக்குழாயில் ஏறி, விழுங்கப்பட்டு மறுபடி குடலுக்கு வருகின்றன. இந்தப் பயணத்தின்போதுதான் அவை திசுக்களோடு நேரடியாக உரசுகின்றன. ஈசினோஃபில்கள் உச்சத்தைத் தொடுவதும் அப்போதுதான். அந்த இருமலும், எக்ஸ்ரேயில் இடம் மாறி மாறித் தெரிந்த நிழல்களும் 1932-இல் லோஃப்லர் என்ற மருத்துவர் விவரித்த அதே நிலை. முட்டையைத் தேடியவர்கள் சீக்கிரமே தேடிவிட்டார்கள், அவ்வளவுதான்.

நோயாளியாக இருந்த ஒருவர்:

மேலே இருமல் பற்றிப் படித்ததும் என் கதையைச் சொல்லத் தோன்றியது. ஓராண்டுக்கு மேலாக இரவு இரண்டு மணி வாக்கில் இருமல் என்னை எழுப்பிவிடும். விசில் போன்ற இழுப்பும் உண்டு. ஆஸ்துமா என்று சொல்லி இன்ஹேலர் தந்தார்கள். சிறிது தணியும், திரும்ப வரும். ஒரு புதிய மருத்துவர்தாம் என் பழைய இரத்த அறிக்கைகளை மேசையில் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரே வரியைப் பேனாவால் கோடிட்டுக் காட்டினார்: ஈசினோஃபில்கள் 3,000-க்கும் மேல், தொடர்ந்து. அந்த வரியை அதுவரை யாரும் என்னிடம் வாசித்துக் காட்டியதில்லை.

அது வெப்பமண்டல நுரையீரல் ஈசினோஃபிலியா. கொசுவால் பரவும் யானைக்கால் நோய்ப்புழுவின் நுண்குஞ்சுகளை உடல் அளவுமீறி எதிர்ப்பதால் வருவது என்று அவர் விளக்கினார். நள்ளிரவு இரத்தத்தில் தேடினாலும் அந்த நுண்குஞ்சுகள் அகப்படுவதில்லை. அவை நுரையீரலிலேயே சிக்கி அழிக்கப்பட்டுவிடுகின்றன. எனவே எதிர்ப்பொருள் பரிசோதனையும், ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் வகையின் மிக அதிகமான அளவும், மருந்துக்கு உடல் காட்டிய பதிலுமே நோயை உறுதிசெய்தன. டைஎத்தில்கார்பமசின் என்ற புழுக்கொல்லி மாத்திரையை மூன்று வாரங்கள் எடுத்துக்கொண்டேன். முதல் வாரம் முடிவதற்குள் இரவுத் தூக்கம் திரும்பியது. என் நுரையீரலைப் பாழாக்கிக்கொண்டிருந்தது புழுவைவிட என் சொந்த அணுக்களே என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் எனக்கு நெடுநாள் ஆயிற்று.

பொது மருத்துவர் ஒருவர்:

எண்ணிக்கை கூடியிருப்பதைக் கண்டு துணுக்குறுகிறோம். அது பூஜ்யமாக இருக்கும்போது நிம்மதி கொள்கிறோம். பின்னதுதான் என்னைச் சறுக்கவைத்தது. மூட்டு நோய்க்காகப் பல வாரங்களாக ஸ்டீராய்டு எடுத்துவந்த முதியவர் ஒருவர் வயிற்றுவலி, மூச்சுத்திணறல், இரத்தத்தில் குடல் பாக்டீரியாக்கள் ஆகியவற்றோடு சேர்க்கப்பட்டார். ஈசினோஃபில் ஒன்றுகூட இல்லை. ஆகவே புழுவை நான் நினைத்தே பார்க்கவில்லை. சளியைப் பரிசோதித்தவர்தான் நெளியும் இளம்புழு ஒன்றைக் காட்டி என்னை நுண்ணோக்கிக்கு அழைத்தார்: ஸ்ட்ராங்கிலாய்டஸ்.

இந்தப் புழு மண்ணிலிருந்து தோல் வழியே நுழைவது. நுழைந்தபின், வெளியுலகம் தேவையின்றி உடலுக்குள்ளேயே மறுதொற்றை உண்டாக்கிக்கொண்டு பல பத்தாண்டுகள் வாழக்கூடியது. ஸ்டீராய்டு ஈசினோஃபில்களை இரத்தத்திலிருந்து விரட்டுவதோடு அவற்றின் ஆயுளையும் குறைக்கிறது. அதுவரை புழுக்களை அடக்கிவைத்திருந்த எதிர்ப்பு தளர்ந்ததும், இளம்புழுக்கள் குடல் பாக்டீரியாக்களைத் தம்மோடு சுமந்துகொண்டு உடலெங்கும் பரவிவிடுகின்றன. கடுமையான பாக்டீரியா தொற்றும் தன் பங்குக்கு ஈசினோஃபில்களைக் குறைக்கும் என்பதால், அந்தப் பூஜ்யத்துக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஐவர்மெக்டின் என்ற புழுக்கொல்லி மருந்தைக் கொடுத்தோம்; நெடிய போராட்டத்துக்குப்பின் பிழைத்தார். அவருடைய கோப்பைப் புரட்டியபோது, ஸ்டீராய்டு தொடங்குவதற்கு இரண்டாண்டுகளுக்கு முந்தைய அறிக்கையில் ஈசினோஃபில் 14 சதவீதம் என்று இருந்தது. இப்போதெல்லாம் நீண்டநாள் ஸ்டீராய்டு எழுதுமுன் பழைய அறிக்கைகளைக் கேட்டு வாங்குகிறேன், நோயாளிகள் சலித்துக்கொள்வதுண்டு.

மலேரியா ஸ்லைடு பார்ப்பவர்:

ஒட்டுண்ணி என்றாலே ஈசினோஃபில் கூடும் என்று புதியவர்கள் எண்ணுகிறார்கள். மலேரியா, அமீபா, ஜியார்டியா போன்ற ஓரணு உயிரிகளில் அது பெரும்பாலும் கூடுவதில்லை. சிஸ்டோஐசோஸ்போரா போன்ற சில விலக்குகள் உண்டு. மலேரியாவில் நான் பார்ப்பது மோனோசைட்டு, நியூட்ரோஃபில் என்ற வேறு வகை வெள்ளையணுக்களைத்தான். ஒட்டுண்ணி சிவப்பணுவைத் தின்று விட்டுச்சென்ற பழுப்பு நிற நிறமியை அவை விழுங்கி வைத்திருக்கும். அரைகுறை மருந்தால் ஒட்டுண்ணிகள் கண்ணில் படாமல் போன ஒருவரின் ஸ்லைடில், மோனோசைட்டுக்குள் கிடந்த அந்தப் பழுப்புத் துகள்தான் என்னை மறுமுறை தேடவைத்தது.

ஆய்வு மாணவி ஒருவர்:

ஓரணு உயிரிகளில் கூடாத ஈசினோஃபில் புழுக்களில் கூடுவது, விழுங்கக்கூடிய எதிரிக்கும் விழுங்க முடியாத எதிரிக்கும் உள்ள வேறுபாடுதான். ஈசினோஃபிலின் குறுக்களவு சுமார் 12 முதல் 17 மைக்ரான். புழுவின் குஞ்சோ அதைப்போலப் பல மடங்கு நீளம். அதனால் சூழ்ந்து ஒட்டிக்கொண்டு, மணிகளில் உள்ள நச்சுப் புரதங்களை அதன்மேல் கொட்டுவதே வழி. புழுக்குஞ்சுகளையும் ஈசினோஃபில்களையும் ஒரே தட்டில் விட்ட என் முதல் சோதனையில் சீரம் (இரத்தத்தின் தெளிநீர்) சேர்க்க மறந்துவிட்டேன். குஞ்சுகள் தட்டில் துடித்துக்கொண்டிருக்க, அணுக்கள் அவற்றைப் பொருட்படுத்தாமல் பக்கத்தில் கிடந்தன. எதிர்ப்பொருள் உள்ள சீரத்தைச் சேர்த்த மறுமுறை, சில மணி நேரத்தில் குஞ்சின் தோல்மீது அணுக்கள் திட்டுத் திட்டாக அப்பிக்கொண்டன. துடிப்பு மெல்ல மந்தமானது. அடையாளமிட்டுக் காட்ட எதிர்ப்பொருள் இல்லையேல் அந்த அணுக்களுக்கு அது எதிரியே அல்ல.

ஆனால் தட்டில் நடப்பது உடலிலும் அப்படியே நடக்கும் என்று நான் இப்போது எழுதுவதில்லை. ஈசினோஃபில்களே இல்லாதபடி உருவாக்கிய எலிகளில், தசைக்குள் தங்கும் டிரிக்கினெல்லா என்ற புழுவின் குஞ்சுகள் நன்றாக வாழ்வதற்குப் பதிலாகப் பெருமளவில் மடிந்தன. அந்தப் புழு நம் காவலரையே தன் இருப்புக்குப் பயன்படுத்திக்கொள்கிறது போலும். குடலுக்குள் இருக்கும் வளர்ந்த புழுவை வெளியேற்றும் வேலையில் சளியைச் சுரக்கும் செல்களுக்கும் குடல் தசைக்கும் பெரும்பங்கு உண்டு. புழு வந்திருப்பதைக் குடற்சுவரின் டஃப்ட் செல்கள்தாம் முதலில் உணர்ந்து எச்சரிக்கின்றன என்பது 2016-இல்தான் வெளியானது. ஈசினோஃபில்களைப் பெருக்கும்படி எலும்பு மஜ்ஜைக்கு ஆணையிடும் இன்டர்லூக்கின்-5 என்ற தூதுப் புரதம் அந்த எச்சரிக்கைத் தொடரின் பின்கண்ணிகளில் ஒன்று.

ஆய்வக நுட்பநர், மீண்டும்:

அந்த இளைஞர் என்ன ஆனார் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். குடற்புழு நீக்க மருந்து எடுத்துக்கொண்டு மூன்று மாதங்கள் கழித்து வந்தார். மொத்தம் 8,200, நூறில் ஈசினோஃபில் 4. இம்முறை கருவி எந்தக் குறிப்பும் காட்டவில்லை. இருந்தும் ஒரு ஸ்லைடு இழுத்துச் சாயமிட்டு, கையாலும் எண்ணிப் பார்த்தேன்.