கடும் ஊட்டக்குறைவு: நாடா முதல் இராப் பால் வரை, களத்தில் பார்த்தவற்றைப் பகிருங்கள்

அங்கன்வாடிப் பணியாளர்:
கைச்சுற்றளவு நாடா, ஆறு மாதம் முடிந்து ஐந்து வயது நிறையாத குழந்தைகளுக்கு. இடது முழங்கையை மடக்கி, தோள் எலும்பு நுனிக்கும் முழங்கை முனைக்கும் நடுவில் பேனாவால் புள்ளி வையுங்கள். பிறகு கையைத் தொங்கவிட்டு அளந்து பாருங்கள். 11.5 செ.மீ.க்குக் கீழே என்றால் சிவப்பு, அதாவது கடும் ஊட்டக்குறைவு. நாடா தளர்ந்தால் சிவப்பில் இருக்க வேண்டிய பிள்ளை மஞ்சளாகி வீட்டுக்குப் போய்விடும்.

நாடாவோடு நிறுத்தாதீர்கள். இரண்டு பாதத்தின் மேலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்துங்கள். இரண்டிலும் குழி விழுந்து நின்றால், ஊட்டக்குறைவால் வந்த வீக்கமாகவே எடுத்துக்கொண்டு உடனே அனுப்புங்கள். நாடா பச்சை காட்டினாலும்தான். "புள்ள புசுபுசுன்னுதானே இருக்கு" என்பார்கள் வீட்டில். அது சதை இல்லை, நீர்.

ஊட்டச்சத்து மறுவாழ்வு மையச் செவிலியர்:
அக்கா சொன்ன வீக்கத்தோடு வரும் பிள்ளைக்கு நீர் பிரியும் மருந்து கொடுக்கவே கூடாது. உணவு சரியாகப் போனால் வீக்கம் தானே வடியும்.

வந்ததும் சர்க்கரைத் தண்ணீர் 50 மி.லி.: மூன்றரை மேசைக்கரண்டி தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சர்க்கரை, குவித்து. அடுத்து எஃப்-75, அதாவது முதல் கட்டத்தில் கொடுக்கும் சிகிச்சைப் பால். பொட்டலம் இல்லையென்றால் பசும்பால் 300 மி.லி., சர்க்கரை 100 கிராம், எண்ணெய் 20 மி.லி., தாது உப்புக் கரைசல் 20 மி.லி. இவற்றைக் கலந்து, காய்ச்சி ஆறிய நீரை மொத்தம் 1000 மி.லி. ஆகும்வரை ஊற்ற வேண்டும். பலர் 1000 மி.லி. தண்ணீரையே ஊற்றிவிடுகிறார்கள், பால் நீர்த்துப்போய்ச் சத்து போதாது. எண்ணெய் மேலே மிதந்தால் இன்னும் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயின் சத்து குவளையிலேயே ஒட்டிக்கொள்ளும்.

அளவு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 130 மி.லி. ஆறு கிலோ என்றால் 780. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 65 மி.லி. கை, முகம் வரை வீங்கியிருந்தால் கிலோவுக்கு 100 மட்டும். பசிக்கிறதே என்று கூடுதலாக ஊட்டினால், மெலிந்த இதயம் தாங்காது. நிமிடத்துக்கு நாடி 25, மூச்சு 5 கூடி அப்படியே நின்றால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பெரும்பாலும் தவறிப்போவது இராத்திரி இரண்டு மணிப் பாலும் நாலு மணிப் பாலும்தான். விடிகாலையில் சர்க்கரை இறங்கி, உடம்பு சில்லிட்டுப் போகும். தூங்குகிற பிள்ளையை எழுப்பித்தான் கொடுக்க வேண்டும். தலைக்குத் தொப்பி போட்டு, அம்மாவின் நெஞ்சோடு சேர்த்துப் படுக்க வையுங்கள்.

கிராம சுகாதாரச் செவிலியர்:
இரும்புச்சத்து சிரப்பை எப்போது தொடங்கலாம்?

ஊட்டச்சத்து மறுவாழ்வு மையச் செவிலியர்:
முதல் வாரம் வேண்டாம்மா. அப்போது இரும்பு கிருமிக்குத்தான் தீனி. பசி திரும்பியதும் அதே அளவில் எஃப்-100 (சத்து கூடிய அடுத்த கட்டப் பால்), இரண்டு நாள். பிறகு ஒவ்வொரு வேளைக்கும் 10 மி.லி. கூட்டி, குழந்தை மீதி வைக்கும் அளவில் நிறுத்துங்கள். எடை ஏறத் தொடங்கிய பின் இரும்பு.