பாடகிகளைத் தவிர: ஜாஸில் நாம் கவனிக்கத் தவறிய பெண்கள், உங்கள் அனுபவங்கள்

இழையைத் தொடங்குபவர்

பில்லி ஹாலிடே, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், சாரா வான் மூவரும் இந்த இழைக்கு வேண்டாம். அவர்களைப் பற்றி எழுத ஆள் பஞ்சமே இல்லை. ஜாஸில் பெண் என்றால் மைக் முன்னால் நிற்கும் பாடகி என்றுதான் பலர் மனத்தில் பதிந்திருக்கிறது. பியானோவில் உட்கார்ந்தவர், டிராம்போன் ஊதியவர், ஒரு குழு முழுவதும் வாசிக்க வேண்டியதை இரவெல்லாம் விழித்துத் தாளில் எழுதிக் கொடுத்தவர் என்று ஒரு பெரிய கூட்டமே பின்னால் இருக்கிறது. அவர்களில் ஒருவர் உங்கள் காதில் எப்படி விழுந்தார் என்று எழுதுங்கள். வாழ்க்கை வரலாற்றைப் பிறந்த தேதியிலிருந்து ஒப்பிக்க வேண்டாம்.

நான் லில் ஹார்டினிடமிருந்து தொடங்குகிறேன். டிரம்பெட் மேதை லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ‘ஹாட் ஃபைவ்’ குழுப் பதிவுகளை வரிசைப்படி கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், குறுந்தகட்டோடு வந்த சிறு நூலில் இயற்றியவர் பெயர்களையும் பார்த்துக்கொண்டே வந்தேன். 1925 நவம்பர் 12 அன்று சிகாகோவில் அந்தக் குழு முதன்முதலாகப் பதிவுசெய்த ‘மை ஹார்ட்’ லில் எழுதியது. 1927இல் பதிவான ‘ஸ்ட்ரட்டின் வித் சம் பார்பெக்யூ’வும் அவருடையதே. பியானோவில் இருந்தவரும் அவர்தான். ஆம்ஸ்ட்ராங் ரசிகர்கள் அவரை ‘லூயிஸின் இரண்டாவது மனைவி’ என்று ஒரு வரியில் கடந்துவிடுவார்கள்.

உண்மையில் சிகாகோவில் கிங் ஆலிவர் நடத்திய ஜாஸ் குழுவில் லில் முன்பே பியானோ வாசித்திருந்தார். 1922இல் நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்து அங்கே இரண்டாவது கார்னெட் (டிரம்பெட் போன்ற ஊதுகருவி) வாசிப்பவராகச் சேர்ந்தவர் ஆம்ஸ்ட்ராங். இரண்டாவது இடத்திலேயே அவர் திருப்தியாக உட்கார்ந்திருந்ததைப் பொறுக்க மாட்டாமல் குழுவைவிட்டு வெளியே தள்ளியவர் லில். 1924இல் நியூயார்க்குக்கு, ஃப்ளெட்சர் ஹெண்டர்சனின் குழுவுக்குப் போகச் சொன்னார். மறு ஆண்டு சிகாகோவுக்குத் திரும்ப வரவழைத்து, டிரீம்லாண்ட் அரங்கில் ‘உலகின் மிகச் சிறந்த டிரம்பெட் கலைஞர்’ என்று விளம்பரமும் செய்யவைத்தார். அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் நமக்குக் கிடைத்திருக்கும் ஆம்ஸ்ட்ராங் வேறு ஆள்.

1971 ஜூலை 6 அன்று ஆம்ஸ்ட்ராங் இறந்தார். ஆகஸ்ட் 27 அன்று சிகாகோவில் நடந்த அவருடைய நினைவுக் கச்சேரியில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தபோதே லில் சரிந்து விழுந்து இறந்தார். இதைப் படித்த அன்று எனக்கு வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

அடுத்தவர் எழுதலாம்.

*

டிராம்போன்காரன்

கல்லூரியின் பிக் பேண்டில், அதாவது ஊதுகருவிகள் நிறைந்த பெரிய ஜாஸ் குழுவில், மூன்றாவது டிராம்போன் நான். ஒரு நாள் ஒத்திகைக்கு வந்த தாளின் மேல் ஓரத்தில் அரேஞ்சர் (ஒவ்வொரு கருவியும் வாசிக்க வேண்டியதைப் பிரித்து எழுதுபவர்) பெயர் எம். லிஸ்டன் என்று இருந்தது. அது யார் என்று எங்கள் வரிசையில் ஒருவரும் கேட்கவில்லை. திட்டினோம், அவ்வளவுதான். மூன்றாவது டிராம்போனுக்கு அப்படியெல்லாம் யாரும் எழுத மாட்டார்கள். எங்களைப் போன்றவர்கள் நடுவில் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தால் போதும் என்பதே வழக்கம். இங்கோ ஒவ்வொரு குரலுக்கும் தனி நடை இருந்தது. பக்கத்தில் இருப்பவனோடு அரைச் சுரம் உரசிக்கொண்டு போய், கடைசியில் ஒன்றாகச் சேர வேண்டியிருந்தது. சேர்ந்தபோது அறையே நிறைந்தது.

எங்களை நடத்திய ஆசிரியர் அப்போதுதான் மெல்பா லிஸ்டன் கதையைச் சொன்னார். 1956இல் அமெரிக்க அரசு டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் பெரிய குழுவை ஈரான், பாகிஸ்தான், லெபனான், சிரியா, துருக்கி என்று அனுப்பியது. டிஸ்ஸி கலிபோர்னியாவிலிருந்து மெல்பாவை வரவழைத்தார். இவ்வளவு தூரத்திலிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிட வேண்டுமா என்று குழுவில் முணுமுணுப்பு. டிஸ்ஸி, கையில் ஏதாவது எழுதி வைத்திருக்கிறாயா என்று மெல்பாவிடம் கேட்டு, தாள்களை விநியோகிக்கச் சொன்னார். முணுமுணுத்தவர்கள் வாசிக்க முடியாமல் தடுமாறினார்கள். அதன் பிறகு பேச்சு மாறிவிட்டது. பின்னாளில் மெல்பாவே சிரித்தபடி சொல்லிவந்த கதை இது.

அந்தப் பயணத்துக்கு முன் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது இன்னும் என்னைக் குடைகிறது. 1940களின் இறுதியில் பில்லி ஹாலிடேயோடு தென் மாநிலங்களுக்குப் போன சுற்றுப்பயணம் கூட்டம் சேராமல் நொடித்துப்போனது. கையில் காசில்லாமல் நடுவழியில் நின்றார்கள். மனம் வெறுத்து டிராம்போனைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, லாஸ் ஏஞ்சலஸ் கல்வி வாரியத்தில் எழுத்தராக வேலைக்குச் சேர்ந்துவிட்டார். படங்களில் கூட்டத்தில் ஒருத்தியாகவும் சின்ன வேடங்களிலும் நடித்தார். இப்படி ஒரு கையை அலுவலக மேசைக்கு அனுப்பிவிட்டு, ஜாஸ் உலகம் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

தன் பெயரை முன்னே போட்டு அவர் வெளியிட்டது ஒரே ஒரு இசைத்தட்டு, 1958இல் பதிவானது. மற்றதெல்லாம் அடுத்தவர் தட்டுகளுக்குள் இருக்கிறது. ராண்டி வெஸ்டன் பியானோவில் யோசித்ததை ஒரு பெரிய குழுவின் குரலாக மாற்றியவர் மெல்பாதான். 1960இல் பதிவான ‘உஹுரு ஆஃப்ரிக்கா’வைக் கேட்டுப் பாருங்கள். வெஸ்டனும் இதை மறைத்தவர் அல்லர், எங்கும் எப்போதும் சொன்னார். நாம்தான் காதில் வாங்கவில்லை. 1985இல் பக்கவாதம் வந்து டிராம்போன் பிடிக்க முடியாமல் போனது. அதன் பிறகும் கணினியின் உதவியோடு வெஸ்டனுக்கு எழுதிக்கொண்டிருந்தார். 1999இல் மறைந்தார்.

*

பழைய திரைப்பாட்டுப் பிரியர்

மேலே உள்ளதைப் படித்ததும் நம் படங்களின் எழுத்து ஓட்டம்தான் ஞாபகம் வருகிறது. இசை என்று பெரிதாக ஒரு பெயர் வரும், உதவி என்று பொடி எழுத்தில் வேறு பெயர்கள் வரும், அதற்குள் திரை மாறிவிடும். இடையிசையில் வரும் வயலின் கூட்டத்தை யார் எழுதினார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஆனால் நம் பழைய படங்களில் அந்தப் பொடி எழுத்திலும் பெண் பெயரைப் பார்த்த ஞாபகம் எனக்கில்லை. அந்த வகையில் அமெரிக்கர்கள் ஒரு படி மேல்.

*

கோவையிலிருந்து

எங்கள் ஊர்ச் சம்பந்தம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட முடியாது. அலிஸ் கோல்ட்ரேனின் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’ என்ற தட்டின் பெயரில் இருக்கும் சுவாமி சச்சிதானந்தர் கோயம்புத்தூர் பக்கத்துச் செட்டிபாளையத்தில் 1914இல் பிறந்தவர். 1969இல் வுட்ஸ்டாக் இசை விழாவை உரையாற்றித் தொடங்கிவைத்தவரும் அவரே. உறவினர் வீட்டுத் திண்ணையில் அவர் பெயரைச் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். அலிஸ் கோல்ட்ரேன் என்ற பெயரைத்தான் கேட்டதில்லை. தட்டை எனக்கு அறிமுகப்படுத்தியவர் பெங்களூரில் என்னோடு வேலை பார்த்த மராட்டி நண்பர். ‘உங்கள் ஊர்க்காரர் பெயரில் ஒன்று இருக்கிறது’ என்று ஹெட்போனைக் கையில் கொடுத்தார்.

முதலில் தம்புரா வருகிறது. அதன் மேல் செசில் மெக்பீயின் பேஸ் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. பிறகு ஹார்ப், யாழ் போன்ற பெரிய நரம்புக் கருவி. கச்சேரிக்கு முன்னால் சுருதி சேர்க்கும் அந்த ஐந்து நிமிடத்திலேயே ஒருவர் குடியேறிவிட்டதைப் போல இருந்தது. ராகம் என்று எதையும் தேடாதீர்கள், கிடைக்காது. டெட்ராய்ட் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து வளர்ந்த, பாரிஸில் பட் பவலிடம் கற்ற ஒரு பியானோக் கலைஞரின் இசை அது.

எனக்குக் கோபம் வருவது வேறு விஷயத்தில். 1966இல் அலிஸ், தன் கணவரும் சாக்சஃபோன் கலைஞருமான ஜான் கோல்ட்ரேனின் குழுவில் பியானோ வாசித்த மெக்காய் டைனருக்குப் பதிலாக வந்தார். உடனே கிளம்பிற்று பேச்சு: மனைவி என்பதால் இடம், நல்ல குழுவைக் கெடுத்தாள், கணவர் பெயரை வைத்துப் பிழைக்கிறாள். ஜான் வரவழைக்கச் சொல்லியிருந்த ஹார்ப் அவர் இறந்த பிறகே வீட்டுக்கு வந்து சேர்ந்தது. நான்கு குழந்தைகளை வைத்துக்கொண்டு அதைப் பழகி, 1970இல் நியூயார்க் டிக்ஸ் ஹில்ஸ் வீட்டிலேயே இருந்த ஒலிப்பதிவு அறையில் இந்தத் தட்டின் பெரும்பகுதியைப் பதிவுசெய்தார். பிறகு துறவு, கலிபோர்னியாவில் ஆசிரமம், அங்கே சிந்தசைசரும் ஆர்கனுமாக பஜனைகள். 2007இல் அவர் மறைந்த பிறகு, 2017இல் அந்த ஆசிரமப் பதிவுகள் தொகுப்பாக வந்தபோது ஊரே கொண்டாடியது. அடுத்த ஆண்டே காட்டுத்தீயில் ஆசிரமக் கட்டடம் எரிந்துபோனது.

*

ஓர் எதிர்க்குரல்

கோபித்துக்கொள்ளாதீர்கள். ‘பெண் கலைஞர்’ என்று தனி இழை போடுவதே அவர்களைத் தனிப் பந்தியில் உட்காரவைப்பது ஆகாதா? மேரி லூ வில்லியம்ஸைக் கேட்கும்போது எனக்குப் பெண் என்றோ ஆண் என்றோ தோன்றுவதில்லை. நல்ல பியானோ என்று தோன்றுகிறது. அது போதாதா?

*

டர்ஹம், வட கரோலினா

எதிர்க்குரல் எழுப்பியவருக்கு: மேரி லூ பெயர் வந்ததால் நான் பதில் சொல்கிறேன். டியூக் பல்கலைக்கழகத்தில் அவர் பெயரில் கறுப்பினப் பண்பாட்டு மையம் இருக்கிறது. வேலைக்குப் போகும் வழியில் அந்தப் பெயரைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர் தட்டுகளைத் தேடினேன். 1977 முதல் 1981இல் இறக்கும்வரை இங்கே ஜாஸ் வரலாறு கற்பித்தார். ஏட்டில் படித்துக் கற்பித்த வரலாறு அன்று. கான்சஸ் சிட்டியில் ஆண்டி கிர்க்கின் குழுவுக்கு எழுதினார், பென்னி குட்மனுக்கு எழுதினார், டியூக் எலிங்டனுக்கு எழுதினார். 1940களில் ஹார்லெமில் ஹாமில்டன் டெரஸில் இருந்த அவர் வீட்டுக்கு, இரவு வேலை முடித்துவிட்டு தெலோனியஸ் மங்க், பட் பவல், டிஸ்ஸி என்று ஒவ்வொருவராக வந்து அவருடைய பியானோவில் முயன்று பார்ப்பார்கள். அந்தக் காலத்தின் புது ஜாஸ் பாணியான பீபாப் எங்கே பிறந்தது என்று கேட்டால் எல்லாரும் கிளப் பெயர்களைச் சொல்கிறார்கள். அந்த வீட்டுக் கூடத்தை யாரும் சொல்வதில்லை.

‘பெண் என்று பார்க்காதே’ என்பது கேட்க நன்றாக இருக்கிறது. 1938 பிப்ரவரியில் டவுன்பீட் என்ற ஜாஸ் பத்திரிகை, பெண் இசைக்கலைஞர்கள் ஏன் தாழ்ந்தவர்கள் என்ற தலைப்பிலேயே பெயர் போடாத கட்டுரை ஒன்றை வெளியிட்டது. பந்தியைப் பிரித்தது நாம் இல்லை.

*

ஆவணப்படங்கள் தேடிப் பார்ப்பவர்

அந்த 1938 கட்டுரைக்குச் சரியான பதில் ‘இண்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம்’. மிசிசிப்பியில் பைனி வுட்ஸ் என்ற பள்ளிக்கு நிதி திரட்டுவதற்காக 1930களின் இறுதியில் மாணவிகளைக் கொண்டு தொடங்கிய குழு. 1941இல் பள்ளியோடு முறித்துக்கொண்டு தொழில்முறையில் இறங்கினார்கள். பேருந்திலேயே தூங்கி, பேருந்திலேயே சாப்பிட்டு ஊர் ஊராகப் போனார்கள். தெற்கில் கறுப்பினத்தவருக்கு விடுதியோ உணவகமோ திறக்காது என்பதால் வேறு வழியில்லை. குழுவில் வெள்ளையரும் இருந்தார்கள். நிறம் கலந்து மேடையேறுவது அங்கே சட்டப்படி குற்றம் என்பதால், அந்தப் பெண்கள் முகத்தில் கறுப்புப் பூச்சு பூசிக்கொண்டு உட்கார்ந்தார்கள். போலீஸ் வந்து ஒவ்வொரு முகமாக உற்றுப் பார்க்கும். 1945இல் ஐரோப்பாவில் இருந்த கறுப்பினச் சிப்பாய்களுக்காக வாசிக்கப் போனார்கள்.

நான் முதலில் பார்த்தது ஒரு சின்னப் படத்துண்டு. டைனி டேவிஸ் டிரம்பெட்டோடு எழுந்து நின்றதும், இனி உட்கார மாட்டார் போலிருக்கிறதே என்று சிரித்துவிட்டேன். வை பர்ன்சைடின் டெனர் சாக்சஃபோன் அதற்கு மேல். ராணுவ வானொலிக்காகப் பதிவான நிகழ்ச்சிகள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. ஸ்டூடியோவில் இவர்களை உட்காரவைத்துத் தட்டுப் போட நிறுவனங்கள் அதிகம் முன்வரவில்லை. தட்டு இல்லையென்றால் விமர்சகருக்கு ஆளே இல்லை.

*

குவீன்ஸ், நியூயார்க்

சுருக்கமாக ஒன்று. யுட்டா ஹிப். ஜெர்மனியில் லைப்சிக்கில் பிறந்த பியானோக் கலைஞர். நாஜிகள் காலத்தில் ரகசியமாக வானொலியில் ஜாஸ் கேட்டுப் பழகியவர். 1950களின் நடுவில் அமெரிக்கா வந்து, 1956இல் ப்ளூ நோட் என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் சாக்சஃபோன் கலைஞர் ஸூட் சிம்ஸோடு தட்டு வெளியிட்டார். அத்துடன் சரி. மேடை நடுக்கம், வறுமை, குடி எல்லாம் சேர்ந்து பியானோவை விட்டுவிட்டு ஆடை நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பல பத்தாண்டுகள் அங்கேயே. நான் குடியிருக்கும் குவீன்ஸில்தான் 2003இல் இறந்தார். கடைசிக் காலத்தில் ப்ளூ நோட் நிறுவனத்தார் அவர் முகவரியைத் தேடிப் பிடித்து, சேர்ந்திருந்த உரிமைத்தொகையைக் கொடுத்தார்கள். ஜப்பானில் அவர் தட்டுகளுக்குப் பெரிய மதிப்பு. பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

*

கோவை நண்பருக்கு ஒரு வார்த்தை

அலிஸின் ஹார்ப் பிடித்திருந்தால் டொரத்தி ஆஷ்பியைக் கேளுங்கள். அவரும் டெட்ராய்ட்தான். அலிஸ் ஹார்ப் தொடுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1957இல் ஹார்ப்பை வைத்து முழு ஜாஸ் தட்டு வெளியிட்டவர். அலிஸ் ஹார்ப்பை அலையலையாக விடுவார். ஆஷ்பி கிதார் போலக் கிள்ளி, ஒவ்வொரு சுரத்தையும் தாளத்தின் மேல் குத்திவைப்பார். 1976இல் ஸ்டீவி ஒண்டர் பாடிய ‘இஃப் இட்ஸ் மேஜிக்’ நீங்கள் கேட்டிருக்கக்கூடும். குரலுக்குப் பின்னால் வரும் ஹார்ப் ஆஷ்பியுடையது. எத்தனையோ திருமண வரவேற்புகளில் அந்தப் பாட்டைப் போடுகிறார்கள்.

*

வார இறுதியில் கிதார் வாசிப்பவர்

வாசிப்பவர்களுக்கு ஒரு தகவல். நண்பர்கள் சேர்ந்து வாசிக்கும்போது எல்லாரிடமும் இருப்பது அதே பழைய மெட்டுத் தொகுப்புதான். அதில் பெண்கள் எழுதியவற்றைத் தேடினால் ஒரு கை விரல்கள்கூட முழுசாகத் தேவைப்படாது. டிரம்ஸ் கலைஞர் டெர்ரி லின் கேரிங்டன் 2022இல் 101 பெண்களின் படைப்புகளை வாசிக்கத் தோதாக ஒரே புத்தகமாகக் கொண்டுவந்தார். நான் வாங்கிக்கொண்டு போனதும் எங்கள் பேஸ் வாசிப்பவர் முகத்தைச் சுளித்தார். தெரிந்த பாட்டு ஒன்றுகூட இல்லையாம். தெரியாததால்தானே வாங்கினேன் என்றேன். இப்போது ஒவ்வொரு சந்திப்பிலும் அதிலிருந்து ஒன்று என்று ஏற்பாடு. சில ஒத்துவரவில்லை, விட்டுவிட்டோம். எல்லாப் புத்தகமும் அப்படித்தான். ஒத்துவந்தவற்றை இப்போது அவரே முதலில் கேட்கிறார். வேண்டுமென்பவர்கள் சொல்லுங்கள், எங்களுக்குச் சரியாக வந்தவற்றின் பெயர்களை எழுதுகிறேன்.