நாடு படுத்துக் கிடக்கேக்க அரசாங்கம் கடன்பட்டுச் செலவழிக்கிறது சரியோ? உதைப் பிள்ளையளோ கட்டுறது?

பரந்தன்_அப்பா:
மகள் ஏ.எல்.ல பொருளியல் படிக்கிறாள். சனம் வேலையில்லாமல் செலவழிக்கேலாமல் கிடக்கேக்க அரசாங்கம் கடன்பட்டாவது செலவழிக்க வேணுமெண்டு கெயின்ஸ் எண்ட இங்கிலாந்துப் பொருளியலாளர் சொன்னவராம். அப்ப 2022ல நாடே சுருண்டு விழேக்க ஏன் அப்பிடிச் செய்யேல்ல, வரியையெல்லோ கூட்டினவை, 2024 தையில இருந்து வற் (பொருள் வாங்கேக்க விலையோட கட்டுற பெறுமதி சேர் வரி) 18 வீதம். உந்தக் கடனை என்ர பிள்ளையும் அவளின்ர பிள்ளையும் கட்டோணுமோ? தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ.

கிளிநொச்சி_வாத்தி:
கெயின்ஸ் சொன்னது பிழையில்லை அண்ணை, அதில பாதியைத்தான் இங்க எடுத்தவை. நல்ல காலத்தில வரியைச் சேர்த்துக் கடனைக் குறைச்சு வைச்சிருந்தாத்தான் கெட்ட காலத்தில கடன்பட்டுச் செலவழிக்கலாம். 2019 மார்கழியில வற் வரியை 15 வீதத்தில இருந்து 8க்கு இறக்கினவை, பின்னால கொரோனா, வருமானம் விழுந்திட்டுது, வெளியில கடன் தர ஒருத்தருமில்லை, மத்திய வங்கி காசடிச்சுக் குடுத்தது. ரூபாய் அடிக்கலாம், டொலர் அடிக்கேலாதே! 2022 சித்திரை 12ந் திகதி வெளிநாட்டுக் கடன் கட்டேலாதெண்டு அறிவிச்சது அதாலதான். செலவழிக்க வேண்டிய நேரம் வரேக்க கையில ஒண்டுமில்லை.

முல்லை_அக்கா:
பிள்ளையளுக்குக் கடன் மட்டும் போறேல்லத் தம்பி. ஏ9 றோட்டு சீனக் கடன், ஓமந்தையில இருந்து தண்டவாளம் போட்டது இந்தியக் கடன். 1990ல நிண்டுபோன யாழ்தேவி 2013ல கிளிநொச்சிக்கு வந்தண்டு நான் மகனைத் தூக்கிக்கொண்டு ஸ்ரேசன்ல நிண்டனான், ரயிலை அவன் அண்டைக்குத்தான் முதல் கண்டவன். அந்தக் கடனை அவன் கட்டட்டும், அதில போறதும் அவன்தானே. ஆனா பிளேன் வாறதே குறைஞ்ச மத்தல விமான நிலையக் கடனையும் அவன்தான் கட்டோணும் எண்டேக்க வயிறெரியுது. நகையை அடைவு வைச்சுக் கிணறு வெட்டினாத் தோட்டமாவது மிஞ்சும்.

வவுனியன்:
பிள்ளையள் பிறகு கட்டுவினம் எண்டு ஏன் சொல்லுறியள், நாங்கள் கட்டி முடியேல்ல இன்னும். 2022 புரட்டாதியில விலைவாசி ஏற்றம் 70 வீதமளவில நிண்டது, அம்மா வங்கியில போட்டு வைச்ச காசு அப்பிடியே கரைஞ்சது, அதுவும் ஒரு வரிதானே, பாராளுமன்றத்தில ஒருத்தரும் கை உயர்த்தாத வரி. 2023ல உள்நாட்டுக் கடனை மறுசீரமைக்கேக்க ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) வைச்சிருந்த முறிகளின்ர, அதாவது அரசாங்கத்துக்குக் கடன் குடுத்த பத்திரங்களின்ர, வட்டியையும் குறைச்சவை, அது கூலிக்காரன்ர கடைசிக்காலக் காசு.

பரந்தன்_அப்பா:
மகளிட்டக் காட்டினனான். அப்ப அடுத்த பொருளாதார மந்தம் வந்தா என்ன செய்வினம் எண்டு கேக்கிறாள்.

கிளிநொச்சி_வாத்தி:
நல்ல கேள்வி. 2023ல வந்த சட்டப்படி மத்திய வங்கி முந்தி மாதிரி அரசாங்கத்துக்கு நேரா காசடிச்சுக் குடுக்கேலாது. அப்ப இப்பவே வரியால சேர்த்தாத்தான் உண்டு. அதை வற்றால சேர்த்தா கூலிவேலைக்குப் போறவரும் முதலாளியும் ஒரே வீதம், வருமான வரியை உழைக்கிறவையிட்ட ஒழுங்கா அறவிடச் சொல்லித்தான் நாங்கள் கேக்கோணும்.