60 லிட்டர் சிஎன்ஜி சிலிண்டரில் 8 கிலோதான் ஏறுகிறது: பங்க் திருட்டா, வேலூர் வெயிலா?

பழைய_டிப்போ:
நேற்று லோடு வண்டிகள் பற்றிய பேச்சில் குடியாத்தம்_லோடு இப்படி எழுதியிருந்தார்: "60 லிட்டர் சிலிண்டர் என்று சொல்லி விற்கிறார்கள். பங்க்கில் 8 கிலோவைத் தாண்டுவதே இல்லை. மீதி எங்கே போகிறது? இப்போது சாண கேஸையும் கலக்கிறார்கள், மைலேஜ் பாதியாகிவிட்டது. சிஎன்ஜி வாங்கினவன் ஏமாந்தவன்." அதற்குக் கூட்டமாக விருப்பக்குறி வேறு. படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தெரியாத விஷயத்தைத் தெரிந்தது போல எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

60 லிட்டர் என்பது அந்தச் சிலிண்டரில் தண்ணீர் ஊற்றினால் பிடிக்கும் அளவு. சிஎன்ஜி என்பது அழுத்திய இயற்கை எரிவாயு. அதை 200 பார், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல சுமார் 200 மடங்கு அழுத்தத்தில் அடைக்கிறார்கள். 15 டிகிரி குளிர்ச்சியில் அந்த அழுத்தத்துக்கு 10 கிலோ வரை போகும். 45 டிகிரியில் 8 கிலோ சொச்சம்தான். வேகமாக நிரப்பும்போது சிலிண்டரே சூடாகிவிடும், அதனால் இன்னும் குறையும். அக்னி நட்சத்திரத்தில் சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் நின்று கேஸ் போட்டால் 8 கிலோதான் வரும். நீங்கள் பணம் கொடுப்பது மெஷின் காட்டும் கிலோவுக்கு மட்டும். இதில் திருட்டு எங்கே இருக்கிறது?

குடியாத்தம்_லோடு:
சார், கணக்கு கேட்க நன்றாக இருக்கிறது. மார்கழிப் பனியில் விடியற்காலை போட்டபோதும் 8 கிலோதான் ஏறியது. அப்போது எந்த வெயில் அடித்தது? 60 லிட்டருக்கு 8 கிலோ. இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

பழைய_டிப்போ:
சொல்கிறேன். குழாய் வராத பங்க்குக்கு கேஸ் லாரியில்தான் வருகிறது. வரிசையாகக் கட்டிய சிலிண்டர்கள், அதைத்தான் கேஸ்கேட் என்கிறார்கள். லாரி வந்த புதிதில் அழுத்தம் நன்றாக இருக்கும். பத்து வண்டி, இருபது வண்டி என்று போட்ட பிறகு இறங்கிவிடும். அழுத்தத்தை ஏற்றும் பூஸ்டர் மெஷின் சரியாக ஓடினால்தான் 200-க்கு ஏறும். உங்கள் வண்டியில் அழுத்தம் காட்டும் கேஜ் இருக்கிறதே, அன்றைக்கு அது எவ்வளவு காட்டியது? 170-இல் நின்றிருந்தால் பனியிலும் 8 கிலோ சொச்சம்தான் போயிருக்கும். இன்னொன்று, காலி என்று காட்டும்போதும் சிலிண்டருக்குள் மிச்ச கேஸ் இருக்கும். முழுக்க வற்றிய பிறகு எவனும் பங்க்குக்கு வருவதில்லை, வண்டி நின்றுவிடும். மிச்சத்தோடு வந்து 8 கிலோ போட்டால் மொத்தம் 8 இல்லை, அதற்கு மேல்.

குடியாத்தம்_லோடு:
முதலில் வெயில் என்றீர்கள். இப்போது லாரி என்கிறீர்கள். அப்புறம் மிச்ச கேஸ். நாளைக்கு அமாவாசை என்று சொல்வீர்கள். அழுத்தம் இல்லாமல் போட்டுவிடும் பங்க்காரன் மேல் தப்பே இல்லையா? 8 கிலோவோடு கிளம்பி வேலூர் மார்க்கெட் போய்த் திரும்புவதற்குள் இன்னொரு முறை வரிசையில் நிற்கிறேன். என் நேரத்துக்கு யார் பணம் தருவார்கள்?

காட்பாடி_மேம்பாலம்:
டிப்போ சார் சொல்வது சரிதான். என் காருக்கு நானும் காலையில்தான் போடுவேன், கொஞ்சம் அதிகமாக ஏறுகிறது. ஆனால் சிஎன்ஜி இன்ஜினின் திறமையை யாரும் பேசவில்லையே. பெட்ரோலில் லிட்டருக்கு 18 தரும் அதே கார், கேஸில் கிலோவுக்கு 27 தருகிறது. அதே இன்ஜின், ஒன்றரை மடங்கு மைலேஜ். கம்பெனிக்காரன் சும்மா செய்யவில்லை.

பழைய_டிப்போ:
தம்பி, நீங்கள் என் பக்கம் பேசுகிறீர்கள் என்பதற்காக விட்டுவிட முடியாது. கிலோவையும் லிட்டரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் சக்தி. ஒரு கிலோ சிஎன்ஜியில் சுமார் 48. 32-க்கு 48, அதுதான் உங்கள் ஒன்றரை மடங்கு. இன்ஜின் ஒன்றும் கூடுதலாகச் செய்யவில்லை. கேஸ் போனால் இன்ஜினுக்குள் காற்றின் இடத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், இழுவை குறையும். ஆளை ஏற்றிக்கொண்டு ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவு ஏறிப் பாருங்கள், தெரியும். உங்களுக்கு மிச்சமாவது விலை வித்தியாசத்தால்தான்.

காட்பாடி_மேம்பாலம்:
ஏலகிரிக்கு நான் குடும்பத்தோடு போய் வந்திருக்கிறேன், ஒரு பிரச்சினையும் இல்லை. ஆதரித்து எழுதினவனையே கடிக்கிறீர்கள். இந்தக் குணத்தால்தான் உங்களோடு யாரும் பேசுவதில்லை.

குடியாத்தம்_லோடு:
பாருங்கள், அவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. 2024 ஜூலையில் சிஎன்ஜி பைக் வந்ததே, அதில் எப்படி எழுதினார்கள்? "2 கிலோ சிலிண்டர்" என்று. பைக்குக்குக் கிலோவில் சொல்லத் தெரிந்தவர்களுக்கு லோடு வண்டிக்கு மட்டும் ஏன் லிட்டரில் சொல்லத் தோன்றுகிறது? 60 என்று பெரிய எண்ணைக் காட்டி வாங்க வைக்கத்தான். ஏறுவது 8.

பழைய_டிப்போ:
"தண்ணீர்க் கொள்ளளவு" என்று விளம்பரத்திலேயே எழுதியிருக்கும். படிக்காமல் கையெழுத்துப் போட்டது யார்?

குடியாத்தம்_லோடு:
எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் இருக்கும். லோடு வண்டிக்காரன் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டா வாங்குவான்? சரி, சாண கேஸுக்கு என்ன சொல்கிறீர்கள்? அதைக் கலந்த பிறகுதான் மைலேஜ் விழுந்தது.

பழைய_டிப்போ:
இதற்குத்தான் காத்திருந்தேன். மத்திய அரசு 2018 அக்டோபரில் சாணம், கழிவிலிருந்து வண்டிக்கான கேஸ் எடுக்க சதத் என்ற திட்டத்தைத் தொடங்கியது. 2023-24-க்குள் 5000 ஆலை என்றார்கள். பக்கத்தில்கூடப் போகவில்லை. அப்புறம் கட்டாயக் கலப்பு கொண்டுவந்தார்கள்: 2025-26-இல் நூற்றுக்கு 1, அடுத்த ஆண்டு 3, அதற்கடுத்து 4, 2028-29 முதல் 5. நூறு கிலோவில் ஒரு கிலோ, மூன்று கிலோ கலப்பதால் மைலேஜ் பாதியாகுமா? இருக்கிற சாண கேஸ் எல்லாவற்றையும் சேர்த்தாலும் உங்கள் வண்டியைப் பாதியாக்கக் காணாது. நீங்கள் ஏர் ஃபில்டரைப் பாருங்கள், பிளக்கைப் பாருங்கள்.

கலப்பதற்கும் தர விதி இருக்கிறது. சாண எரிவாயு கலத்திலிருந்து வரும்போது மீத்தேன் நூற்றுக்கு 55, 60 தான். மீதி பெரும்பாலும் கரியமில வாயு, கொஞ்சம் அழுகின முட்டை நாற்றமடிக்கும் கந்தக வாயு. அதை அப்படியே வண்டிக்குப் போட்டால் இன்ஜினை அரிக்கும், உண்மை. அதனால்தான் கழுவி, வடிகட்டி, குறைந்தது 90 சதவீத மீத்தேன் ஆக்கிய பிறகே அழுத்தி விற்க வேண்டும். ஐஎஸ் 16087 என்ற தரநிலை அது.

குடியாத்தம்_லோடு:
90 என்றால் மீதி 10 என்ன? காற்றுதானே? காற்றுக்கும் கிலோ கணக்கில் பணம் கட்டுகிறேன். நீங்களே ஒத்துக்கொண்டீர்கள், நன்றி. நூற்றுக்கு 1 என்பது நாட்டுக்குச் சராசரி. நாமக்கல் பக்கம் ஆலைக்கு அருகில் இருக்கும் பங்க்கில் முழுக்க அதுதானே போடுகிறார்கள்? நாமக்கல்லுக்கு லோடு போகிறவன் நான்.

பழைய_டிப்போ:
நான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. 90 என்பது குறைந்தபட்சம். நல்ல ஆலையில் அதற்கு மேல்தான் வரும். அப்படியே 90 என்று வைத்துக்கொண்டாலும் கிலோ கணக்கில் குறைவது சுமார் ஐந்தில் ஒரு பங்கு. பாதி இல்லை. நீங்கள் எழுதியது "பாதி". அந்தச் சொல்லை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், நான் பேசவே மாட்டேன்.

குடியாத்தம்_லோடு:
பாதி என்றுதான் சொல்வேன். ஓட்டுகிறவன் நான்.

ஒடுகத்தூர்_விவசாயி:
அண்ணன்மார்களே, சாணத்தைப் பற்றிச் சாணம் அள்ளுகிறவனைக் கேளுங்கள். எங்கள் வீட்டில் கோபர் கேஸ் அப்பா காலத்திலிருந்து இருக்கிறது. 25 கிலோ சாணம் கரைத்தால் ஒரு கன மீட்டர் கேஸ். அதைச் சுத்தம் செய்தால் அரைக் கிலோகூட மீத்தேன் தேறாது. வண்டிக்குப் போடும் ஒரு கிலோவுக்கு 50, 60 கிலோ சாணம் வேண்டும். இவர் சண்டை போடும் 8 கிலோவுக்கு 400 கிலோவுக்கு மேல் சாணம். ஒரு மாடு நாளைக்குப் பத்துக் கிலோ போடும். ஆக, ஒரு வண்டியை ஒரு முறை நிரப்ப நாற்பதுக்கு மேற்பட்ட மாடுகளின் ஒரு நாள் சாணம். எங்கள் ஊரில் யாரிடம் நாற்பது மாடு இருக்கிறது? அதை வீடு வீடாக அள்ளிக்கொண்டு போக டீசல் டிராக்டர் வேறு. கேஸ் எடுத்த கரைசலை வயலுக்குத் திருப்பித் தந்தால்தான் நாங்கள் சாணம் தருவோம். அதைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

பழைய_டிப்போ:
அருமையான கணக்கு. ஆனால் சாணத்தை மட்டும் ஏன் பார்க்கிறீர்கள்? திருவலம் பக்கம் அம்முண்டியில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. சாற்றை வடிகட்டினால் தங்கும் பிரஸ் மட் 25 டன் போட்டால் ஒரு டன் கேஸ் கிடைக்கும். சாணத்தில் பாதிதான் தேவை. பிரித்த காய்கறிக் குப்பை என்றால் 20 டன்னே போதும். நேதாஜி மார்க்கெட்டில் தினமும் விழும் காய்கறிக் கழிவு எங்கே போகிறது என்று யாராவது யோசித்தீர்களா? கப்பலில் எண்ணூருக்கு வந்து இறங்கும் கேஸுக்கு டாலர் கொடுக்கிறோம். அந்த முனையம் 2019-இல் திறந்தது. இங்கே கண்ணுக்கு முன்னால் அழுகிக் காற்றில் போகும் மீத்தேனுக்குக் கணக்கே இல்லை. பணிமனையில் இருந்த காலத்திலேயே அதிகாரிகளிடம் சொன்னவன் நான். கேட்க ஆள் இல்லை.

ஒடுகத்தூர்_விவசாயி:
அம்முண்டிக்குக் கரும்பு எங்கிருந்து வரும்? பாலாற்றில் தண்ணீர் ஓடினால் கரும்பு. அரவைப் பருவம் முடிந்தால் மீதி மாதங்களுக்கு எதைப் போட்டு ஆலையை ஓட்டுவீர்கள்?

பாலாறு_பசங்க:
பாலாறு என்றதும் வந்துவிட்டேன். ஆம்பூர், வாணியம்பாடி தோல் பதனிடும் ஷாப்புகளில் வழிக்கும் சவ்வு, சதைக் கழிவிலிருந்தும் மீத்தேன் எடுக்கலாம். மேல்விஷாரத்தில் அப்படி ஒரு ஆலை வைத்தும் காட்டினார்கள். பரவலாகச் செய்யவில்லை. ஆற்றில் விடுவதுதான் அவர்களுக்கு மலிவு. 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் "மாசு செய்தவன் பணம் கட்டு" என்று தீர்ப்புச் சொல்லியும் மாறவில்லை. அப்புறம், மீத்தேன் பசுமை எரிபொருள் என்று துள்ளாதீர்கள். எரிக்காமல் கசிந்தால் கரியமில வாயுவை விட நூறாண்டுக் கணக்கில் 28 மடங்கு சூடாக்கும், இருபதாண்டுக் கணக்கில் 80 மடங்கு.

ஆம்பூர்_தோல்மண்டி:
கேஸ் பற்றிய பேச்சில் ஆம்பூர் எப்படி வந்தது? எதற்கெடுத்தாலும் எங்கள் தலைதான் கிடைக்கிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறோம். நீங்கள் போட்டிருக்கும் ஷூ எந்த ஊரில் தைத்தது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். ஆற்றில் மணல் அள்ளினது நாங்களா?

பாலாறு_பசங்க:
பாய், மணலைப் பற்றித் தனியாகப் பேசலாம். நுரை பொங்கி வந்த தண்ணீருக்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

காட்பாடி_மேம்பாலம்:
டெல்லியில் 1998-இல் நீதிமன்றம் உத்தரவு போட்டு, 2002 முடிவதற்குள் எல்லாப் பேருந்தையும் சிஎன்ஜிக்கு மாற்றினார்கள். இங்கே வேலூர் புதிய பேருந்து நிலையத்தில் நின்று பாருங்கள், புகையில் மூச்சு முட்டும். டிப்போ சார் பணியில் இருந்தபோது இதற்கு என்ன செய்தார்?

பழைய_டிப்போ:
என்னைக் கேட்கிறீர்களா? பேருந்து வாங்குவது நானா, அரசா? புகை வந்த வண்டியை இன்ஜெக்டர் மாற்றாமல் வெளியே விட்டதில்லை. ஏலகிரி விஷயத்தில் மூக்குடைந்த கோபத்தை இங்கே காட்டாதீர்கள்.

பாலாறு தம்பி சொன்ன கசிவுக்கும் பதில் சொல்கிறேன். குப்பை மேட்டில் தானாகக் கசிவதும் அதே மீத்தேன்தான், தம்பி. அதைப் பிடித்து வண்டியில் எரித்தால் 28 மடங்கும் இல்லை, 80 மடங்கும் இல்லை. பூமிக்கடியிலிருந்து எடுக்கும் கேஸுக்கும் இதற்கும் அங்கேதான் வித்தியாசம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

குடியாத்தம்_லோடு:
டெல்லி, ஆம்பூர், மாடு, கரும்பு என்று ஊரைச் சுற்றிவிட்டீர்கள். என் 8 கிலோ அப்படியே இருக்கிறது. மெஷின் சரியாகக் காட்டுகிறது என்று யார் உறுதி தருவது?

பழைய_டிப்போ:
தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவு மெஷினுக்கு முத்திரை போடுகிறது. முத்திரைத் தேதியைப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் எழுதிக் கொடுங்கள். இங்கே உட்கார்ந்து திருடன் என்று எழுதுவது சுலபம். அதற்கு முன் உங்கள் சிலிண்டருக்கு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை செய்ய வேண்டிய ஹைட்ரோ டெஸ்ட், அதாவது தண்ணீரை அடைத்து அழுத்தம் தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனை, செய்தீர்களா? வண்டியில் ஒட்டியிருக்கும் பிளேட்டில் அடுத்த டெஸ்ட் தேதி இருக்கும். அதைப் படம் எடுத்துப் போடுங்கள். 200 பார் அழுத்தத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டுகிறீர்கள். எனக்கு உங்கள் 8 கிலோவை விட அதுதான் கவலை.

குடியாத்தம்_லோடு:
என் பிளேட்டை உங்களுக்கு ஏன் காட்ட வேண்டும்? நீங்கள் ஆர்டிஓவா? தேதி பார்க்காமல் எந்த பங்க்கிலும் கேஸ் போடுவதில்லை. கேள்வி கேட்டால் கேட்டவன் மேலேயே திருப்புகிறீர்கள்.

பழைய_டிப்போ:
தேதி இருந்தால் காட்டலாமே. இரவு வரை பார்க்கிறேன்.

ஆம்பூர்_தோல்மண்டி:
பாலாறு_பசங்க இன்னும் மணலுக்குப் பதில் சொல்லவில்லை.