என்.எம்.எம்.எஸ்: பத்தாவதில் 299 எடுத்தால் உதவித்தொகையை நிறுத்தலாமா?

கரும்பலகை:
எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ் (ஏழை மாணவர்களுக்கான மத்திய அரசின் திறன் அடிப்படை உதவித்தொகை) தேர்வு எழுதித் தேர்வான பிள்ளைக்கு ஒன்பதாவது முதல் பிளஸ் டூ வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ஆனால் பத்தாவது பொதுத்தேர்வில் 60 சதவீதம், அதாவது 500க்கு 300 எடுக்காவிட்டால் அதோடு சரி. எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு 55 சதவீதம். ஒரு மதிப்பெண் குறைந்தாலும் மீதி இரண்டு வருடத்துக்கான 24,000 ரூபாய் போகிறது. இது அநியாயம்.

தறிவீடு:
எனக்கு உடன்பாடில்லை சார். ஏழாவதில் 55 சதவீதம் (எஸ்சி, எஸ்டிக்கு 50) இருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். அந்த மதிப்பெண்ணைப் பள்ளியே போடுகிறது. அப்புறம் அந்தத் தேர்வில் மனத்திறனில் 90, பாடத்தில் 90 என்று சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கொள்குறி வினாக்கள். பழைய வினாத்தாள்களை வைத்து நன்றாகப் பழக்கினால் நிறையப் பிள்ளைகள் தேறிவிடுவார்கள். ஐந்து பாடத்தையும் விரிவாக எழுதிக் காட்டுவது பத்தாவதில்தான். தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 6,695 இடம்தான். அதில் ஒன்றைப் பெற்ற பிள்ளை 300 எடுக்க வேண்டும் என்பது பெரிய எதிர்பார்ப்பா?

மலைப்பாதை:
பெரிய எதிர்பார்ப்புதான் அண்ணா. குடும்ப வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கான திட்டம் இது. நான் பாடம் எடுத்த ஒரு மாணவி பத்தாவது முழுக்கப் படுக்கையில் கிடந்த அம்மாவையும் பார்த்துக்கொண்டு, தம்பியையும் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்தாள். கணக்கு அவளுக்கு விளையாட்டு. ஆங்கிலத்தில் கோட்டைவிட்டாள். மொத்தம் 300ஐத் தொடவில்லை. அந்த ஆயிரத்தில்தான் அவளுடைய நோட்டும் பேருந்துக் காசும் போய்க்கொண்டிருந்தன. ஏழைப் பிள்ளைகள் படிப்பைப் பாதியில் விடக் கூடாது என்றுதான் மத்திய அரசு 2008இல் இதைக் கொண்டுவந்தது. பாதியில் விடும் ஆபத்து யாருக்கு அதிகம், 450 எடுத்தவனுக்கா, 285 எடுத்தவனுக்கா?

தறிவீடு:
அந்தப் பிள்ளைக்கு உதவி வேண்டும், மறுக்கவில்லை. அதற்குத் தனித் திட்டம் கேளுங்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கான தமிழ்நாடு அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மார்க் நிபந்தனை இல்லாமலே மாதம் 1,000 தருகிறார்களே. திறனுக்கென்று இருக்கும் தொகையிலும் மார்க் பார்க்காதே என்றால், விடிய விடிய உட்கார்ந்து படித்த பிள்ளைக்கு நாம் என்ன சொல்வது?

மலைப்பாதை:
புதுமைப் பெண் பணம் கல்லூரியில் சேர்ந்த பிறகு வருவது. பிளஸ் ஒன்னிலேயே நின்றுவிட்டால் அது எங்கே கைக்கு வரும்?

கரும்பலகை:
இருவருக்கும் ஒரு யோசனை. 60 சதவீதம் இருக்கட்டும். குறைந்தவர்களுக்குப் பிளஸ் ஒன்னில் மட்டும் நிறுத்தி வைக்கட்டும். அந்த ஆண்டுத் தேர்வில் 60 எடுத்தால் பிளஸ் டூவுக்குத் திரும்பக் கொடுக்கலாம். இப்போது திரும்பி வர வழியே இல்லை, அதுதான் என்னை உறுத்துகிறது.

தறிவீடு:
இதை ஏற்கிறேன். உழைத்து மீட்கிறான், அதில் திறனும் இருக்கிறது.

மலைப்பாதை:
நான் ஏற்கவில்லை. பணம் நிற்கிற அந்தப் பிளஸ் ஒன் வருடத்தில்தான் என் மாணவி மில் வேலைக்குப் போனாள்.