தொண்டு நிறுவனக் கட்டடத்தில் சூரிய மின்சாரம்: முதலீட்டாளர் பணமா, சொந்த நிதியா?

அறக்கட்டளைச் செயலர்:
எங்கள் தொண்டு நிறுவனத்துக்குச் சொந்தமான கட்டடத்தில் பகல் நேரத்தில் வகுப்புகளும் மருத்துவ ஆலோசனையும் நடைபெறுகின்றன. மின்கட்டணச் சுமையைக் குறைக்கக் கூரையில் சோலார் தகடுகள் அமைக்கலாம் என்று அறங்காவலர் குழு கருதுகிறது. தனியார் முதலீட்டாளர் ஒருவர் தம் செலவிலேயே நிலையத்தை அமைத்து, அதன் மின்சாரத்தை இப்போதைய கட்டணத்தைவிட 15 விழுக்காடு குறைந்த விலையில், ஆண்டுக்கு 3 விழுக்காடு ஏற்றத்துடன், 20 ஆண்டுகளுக்கு வழங்க முன்வந்துள்ளார். குழுவில் சிலர் இதை ஏற்கலாம் என்கிறார்கள். சிலர் நன்கொடையும் கடனும் திரட்டி நாமே அமைப்போம் என்கிறார்கள். இரு தரப்பு வாதங்களையும் அறிய விரும்புகிறேன்.

நிதி ஆலோசகர்:
தயங்காமல் ஏற்கலாம் என்பது என் கருத்து. பல நாடுகளில் சூரிய மின்சாரத்துக்கான அரசு ஊக்கம் வரிக்கழிவாகவும் (கட்ட வேண்டிய வரியில் தள்ளுபடி) விரைவுத் தேய்மானமாகவும் (நிலையத்தின் விலையை முதல் சில ஆண்டுகளிலேயே வரிக்கணக்கில் செலவாகக் காட்டும் சலுகை) கிடைக்கிறது. வரியே செலுத்தாத நிறுவனத்துக்கு வரிக்கழிவால் ஆவது ஒன்றுமில்லை. வரி செலுத்தும் முதலீட்டாளர் நிலையத்தின் உரிமையாளராக இருந்தால் அந்தச் சலுகை அவருக்குக் கிடைக்கும். அதில் ஒரு பங்கு விலைக் குறைப்பாக உங்களை வந்தடையும். பராமரிப்பும் காப்பீடும் பழுதும் அவர் பொறுப்பு. தகடுகளுக்கு 25 ஆண்டுகள் வரை உற்பத்தி உத்தரவாதம் தரப்பட்டாலும், தகடுகளின் மின்சாரத்தைக் கட்டடம் பயன்படுத்தும் வகைக்கு மாற்றும் இன்வெர்ட்டர் பொதுவாக 10 முதல் 15 ஆண்டுகளே உழைக்கும். சொந்தமாக அமைப்போர் திட்ட மதிப்பீட்டில் எழுத மறக்கிற செலவு இது. மேலும், மாணவருக்கும் நோயாளிக்கும் செலவிட வேண்டிய இருப்பைக் கூரையில் முடக்குவது உங்கள் நோக்கத்துக்கு உகந்ததா என்பதையும் குழு எண்ணிப் பார்க்க வேண்டும்.

கணக்காய்வாளர்:
தொடக்கத்தில் பணம் கேட்காத ஒப்பந்தம் என்பதாலேயே அது மலிவானது ஆகிவிடாது. இப்போதைய கட்டணத்தை யூனிட்டுக்கு 100 என்று வைத்துக்கொள்வோம். முதலீட்டாளரின் விலை 85இல் தொடங்கி ஆண்டுக்கு 3 விழுக்காடு ஏறும். மின் வாரியக் கட்டணம் ஆண்டுக்கு 1 விழுக்காடு மட்டுமே உயர்ந்தால், ஒன்பதாம் ஆண்டில் இரண்டும் ஏறத்தாழச் சமமாகி, பத்தாம் ஆண்டில் முதலீட்டாளரின் மின்சாரம் 111, வாரியத்தின் மின்சாரம் 109 என்றாகிவிடும். இருபதாம் ஆண்டில் அது 149க்கு 121. இடையில் எளிதில் விலகவும் முடியாது. உற்பத்தியான மின்சாரம் அனைத்துக்கும், நீங்கள் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும், பணம் தர வேண்டும் என்ற விதி ஒப்பந்தத்தில் உள்ளதா என்று பாருங்கள். வகுப்பும் ஆலோசனையும் இல்லாத விடுமுறை நாள்களின் மின்சாரத்தை வாரியம் குறைந்த விலைக்கு எடுத்துக்கொண்டால், அந்த வேறுபாட்டை அறக்கட்டளைதான் சுமக்கும்.

நிதி ஆலோசகர்:
1 விழுக்காடு என்பது கணக்காய்வாளர் தம் வாதத்துக்கு வசதியாகத் தேர்ந்துகொண்ட எண். அதையே 4 விழுக்காடு என்று வைத்தால் இருபதாம் ஆண்டில் வாரியக் கட்டணம் 211 ஆகும். முதலீட்டாளரின் 149 அப்போது பெருஞ்சேமிப்பு. எதிர்காலக் கட்டணத்தை நம்மில் எவரும் அறியோம். முன்பே தெரிந்த விலை ஒன்று கையில் இருப்பதே ஆண்டு வரவுசெலவுத் திட்டம் போடுகிறவருக்குப் பெரிய நிம்மதி.

மின்பொறியாளர்:
இருவரும் கூரையிலேயே நிற்கிறீர்கள். நான் கட்டடத்துக்குள் அழைக்க விரும்புகிறேன். முதலில் எரிசக்தித் தணிக்கை செய்யுங்கள், அதாவது மின்சாரம் எங்கே எவ்வளவு செலவாகிறது என்று அளந்து பாருங்கள். காற்றோட்டத்துக்கான பெரிய விசிறியின் வேகத்தை 80 விழுக்காடாகக் குறைத்தால் அது இழுக்கும் மின்திறன் ஏறத்தாழப் பாதியாகிவிடும், ஏனெனில் மின்திறன் வேகத்தின் கனத்துக்கேற்ப மாறுகிறது (0.8 × 0.8 × 0.8 = 0.51). வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, எல்இடி விளக்குகள், ஆள் இல்லாத அறையில் தாமே அணையும் உணரிகள், கசியும் குளிர்காற்றுக் குழாய்களை அடைத்தல் ஆகியவை பெரும்பாலும் சூரிய நிலையத்தைவிட விரைவில் போட்ட பணத்தை மீட்டுத் தரும். தேவை குறைந்த பிறகு நிலையத்தின் அளவைத் தீர்மானித்தால் சிறிய நிலையமே போதும். இன்றைய பயன்பாட்டை அளவாகக் கொண்டு 20 ஆண்டு ஒப்பந்தம் போட்டுவிட்டு, அடுத்த ஆண்டு விளக்குகளை மாற்றினால், பயன்படாத மின்சாரத்துக்கும் பணம் கட்டுவீர்கள்.

நிதி ஆலோசகர்:
பொறியியலாக இது சரி. நிதி எங்கிருந்து வரும்? கூரையில் பளபளக்கும் தகடுகளுக்குப் பெயர்ப்பலகையோடு நன்கொடை தர ஆள் கிடைப்பார். அறையின் உட்கூரைக்கு மேல் மறைந்திருக்கும் குழாயை அடைக்க ஒருவரும் தரமாட்டார்.

மின்பொறியாளர்:
அதற்கு நன்கொடையாளர் தேவையில்லை. எரிசக்திச் சேவை நிறுவனங்கள் தம் செலவில் மாற்றங்களைச் செய்து, கிடைக்கும் சேமிப்பிலிருந்து தவணை பெறும் உத்தரவாத ஒப்பந்தங்களைச் செய்துகொள்கின்றன. சில இடங்களில் மின்கட்டண ரசீதோடு சேர்த்தே தவணை கட்டலாம். சிறிய கட்டடங்களுக்கு அவர்கள் வரத் தயங்குவார்கள் என்பது உண்மைதான். அதற்குச் சுழல் நிதி ஏற்றது. ஒரு சிறு தொகையைத் தனிக் கணக்கில் இட்டு விளக்குகளை மாற்றுங்கள். மின்கட்டணத்தில் மிச்சமாகும் தொகையை அந்தக் கணக்கிலேயே செலுத்தி அடுத்த வேலையைச் செய்யுங்கள்.

கணக்காய்வாளர்:
சுழல் நிதியை ஆதரிக்கிறேன். ஆனால் மிச்சமான தொகையை நடைமுறைச் செலவுக் கணக்கில் கரையவிடாமல், அந்தத் தனிக் கணக்குக்கு மாற்ற வேண்டும் என்று குழு தீர்மானம் நிறைவேற்றியிருக்க வேண்டும். உத்தரவாத ஒப்பந்தத்தில் ஒரு கண்ணி உண்டு. "சேமிப்பு" எதனோடு ஒப்பிட்டு அளக்கப்படுகிறது? ஒப்பிட எடுத்துக்கொள்ளும் அடிப்படை ஆண்டில் வகுப்புகள் குறைவாக நடந்திருந்தால் சேமிப்பே தெரியாது. அதிகமாக நடந்திருந்தால் இல்லாத சேமிப்புக்குப் பணம் போகும். வெப்பநிலைக்கும் பயன்பாட்டு நேரத்துக்கும் ஏற்பத் திருத்தும் முறையை எழுத்தில் பெறுங்கள்.

வரிக்கழிவு வாதத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் 2022இல் இயற்றப்பட்ட பணவீக்கக் குறைப்புச் சட்டம், வரி செலுத்தாத அமைப்புகளுக்கும் வரிக்கழிவுக்கு ஈடான தொகையை நேரடியாக வழங்க வழி செய்தது. 1 மெகாவாட்டுக்கு உட்பட்ட நிலையங்களுக்கு அது செலவில் 30 விழுக்காடு. அங்கே முதலீட்டாளரை நடுவில் வைக்கச் சொல்லப்பட்ட முதன்மைக் காரணம் அதோடு வலுவிழந்தது. ஆகவே உங்கள் நாட்டில் அத்தகைய வழி உள்ளதா என்று விசாரிக்காமல் கையெழுத்திட வேண்டாம்.

நிதி ஆலோசகர்:
அந்த எடுத்துக்காட்டு என் பக்கமும் பேசுகிறது. 2025இல் அதே நாட்டில் வந்த சட்டம் சூரிய மின்சாரத்துக்கான அச்சலுகையின் காலத்தைச் சுருக்கிவிட்டது. மேலும் அந்தத் தொகை, நிலையம் இயங்கத் தொடங்கி, படிவம் தாக்கல் செய்த பிறகே கைக்கு வரும். அதுவரை இடைக்காலக் கடனுக்கு வட்டி கட்ட வேண்டும். மானியங்களும் பலவாறு இப்படித்தான்: முதலில் நீங்கள் செலவிட வேண்டும், ரசீது காட்டிய பிறகே திருப்பித் தருவார்கள். கையில் இருப்பில்லாத நிறுவனம் மானியம் கிடைத்தும் திண்டாடும்.

அறக்கட்டளைச் செயலர்:
அனைவருக்கும் நன்றி. ஒரு செய்தியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். எங்கள் கூரையின் நீர்த்தடுப்புப் பூச்சைச் சில ஆண்டுகளில் புதுப்பிக்க வேண்டியிருக்கும் என்று கட்டடப் பராமரிப்பாளர் கூறுகிறார். ஏற்றமே இல்லாத நிலையான விலையை முதலீட்டாளரிடம் கேட்கலாமா?

மின்பொறியாளர்:
அப்படியானால் பூச்சு வேலை முன்னால், தகடுகள் பின்னால். தகடுகளைக் கழற்றி மீண்டும் பொருத்தும் செலவும், அந்நாள்களில் உற்பத்தி நின்றதற்கான இழப்பும் யாருடையவை என்பது ஒப்பந்தத்தில் இல்லையென்றால் உங்கள் தலையில்தான் விழும்.

நிதி ஆலோசகர்:
நிலையான விலையைக் கேட்கலாம், பல முதலீட்டாளர்கள் தரவும் செய்வார்கள். ஆனால் தொடக்க விலை 85ஆக இருக்காது. இப்போதைய கட்டணத்துக்கு மிக நெருங்கியே வரும். முதலாண்டில் சொல்லிக்கொள்ளும்படி சேமிப்பு எதுவும் இல்லாத ஒப்பந்தத்துக்கு உங்கள் குழு ஒப்புதல் தருமா என்பதை முதலீட்டாளரிடம் பேசுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.